நானூற்றுப் பத்து கிராம்

சோஹார் சந்தைக்குப் பின்தெரு.
துர் முகம்மது இரண்டைத் தரையில் எறிந்தான்,
ஒன்றைக் கல்லா மேல் வைத்தான்,
விலை சொல்லாமல் கேட்டான்:
எந்தக் காற்றுக்கு?

நீலம், லாரிக்காரர்கள் வாங்குவது.
மடித்து வைத்தாலும் முறைத்துக்கொண்டு நிற்கும்.
நான்கு கிலோ, மூன்று ரியால்.

அடுத்தது பருத்திக் கான்வாஸ்.
வல்லூறைக் கையில் ஏற்றிக்கொண்டு
எல்லை தாண்டி ஹுபாரா தேடிப் போகிறவர்கள் கேட்பது.
நெருப்புப் பொறி விழுந்தாலும் பொத்தலாகாது.
நனைந்தால் ஒட்டகம்தான் தூக்க வேண்டும்,
இப்போது லேண்ட்குரூசர் தூக்குகிறது.
எங்களிடம் இருப்பது இரண்டு முதுகு.
அதில் ஒன்றில் டிஸ்க் விலகியிருக்கிறது.

மூன்றாவதைக் கைமுட்டி அளவு உறையிலிருந்து
உருவினான், உருவினான்,
வெங்காயச் சருகு போல வந்துகொண்டே இருந்தது.
சிலிக்கான் பூசிய நைலான்.
தாரும் கிடையாது, பாயும் கிடையாது,
பெயர் மட்டும் தார்ப்பாய்.
முப்பத்தெட்டு ரியால்.

பனிமயம் கைப்பையைத் திறந்தாள்.
பணம் எடுக்கிறாள் என்று அவன் முகம் மலர்ந்தது.
அவள் எடுத்தது கொக்கித் தராசு,
ஊருக்குப் போகும் பெட்டிகளை
முப்பது கிலோவில் பிடித்து நிறுத்துவது.
டயாலிசிஸ் நர்ஸ் அவள்.
படுக்கையில் ஏறுமுன் ஓர் எடை, இறங்கியபின் ஓர் எடை,
நடுவில் போனது எவ்வளவு என்று எழுதிப் பழகிய கை.

நானூற்றுப் பத்து.
உறையில் முந்நூற்று எண்பது என்று போட்டிருக்கிறதே?
கயிறு சேர்த்து, என்றான்.
கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டா போவார்கள்?
இரண்டு ரியால் குறைந்தது.

தெருவுக்கு வந்ததும் என் முறை.
சுவர் எங்கே? கதவு? ஜிப்?
தேள் வந்தால்?
நான் துறைமுகத்தில் ரிக்கர்.
நாற்பது டன்னைத் தொங்கவிடத் தெரியும்.
நானூறு கிராமை நிற்க வைக்கத் தெரியுமா
என்பது வியாழக்கிழமை வரை தெரியாது.

வாதி ஹீபி.
வேலமரக் கிளையில் காய்ந்த புல் சிக்கியிருந்தது,
என் தலைக்கும் மேலே.
அது வெள்ளம் போன உயரம், நமக்கு இன்னும் மேலே,
என்று கல் கல்லாக ஏறினாள்.
மேட்டில் ஆணி இறங்கவில்லை.
கல்லுக்குக் கீழே கல்,
அதற்குக் கீழேயும் அதன் அண்ணன்.
ஒரு முனைக்கு மரம், மறு முனைக்கு
வீட்டிலிருந்து கொண்டுவந்த மாப்புக் கட்டை,
மூலைக்கு ஒரு பாறை.
பகலெல்லாம் கடலிலிருந்து வந்த காற்றுக்குத்
தாழ்வாய் இறக்கிக் கட்டினேன்.

இரவு இரண்டு மணிக்குக்
காற்று மலையிலிருந்து இறங்கியது.
துர் முகம்மது நினைவுக்கு வந்தான்.
வயிறு உப்பி எழுந்து
மூக்கில் அறைந்தது முப்பத்தாறு ரியால்.
தலைவிளக்கு மாட்டிக்கொண்டு
நாலு மூலையையும் திருப்பிக் கட்டினோம்,
கெட்ட வார்த்தைகளோடு,
ஒருவரையொருவர் அல்ல.

பிறகுதான் நரி.
சின்னது, காது மட்டும் பெரியது.
ஒரு பக்கம் நுழைந்தது,
எங்கள் கால்மாட்டைக் கடந்தது,
மத்தி டப்பாவை முகர்ந்தது,
மறு பக்கம் போய்விட்டது,
தன் வழியில் யாரோ துணி காயப்போட்டிருப்பதைப் போல.
பனிமயம் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.
பயமா, நாடி பார்த்தாளா, கேட்கவில்லை.
சுவர் பற்றி அதற்குப்பின் பேச்சில்லை.

வீடு திரும்பியதும் கொக்கியில் தொங்கவிட்டாள்.
ஐந்நூற்று நாற்பது.
பனி, அப்புறம் ராத்திரி முழுக்க நாம் விட்ட மூச்சு.
நரியுடையதும், என்றேன்.
பால்கனியில் மாலைவரை காய்ந்தது.
ஜன்னல் திரை எங்கே வாங்கினீர்கள் என்று
பக்கத்து வீட்டு உன்னித்தான் கேட்டார்.
நானூற்று இருபது.
மிச்சம் பத்து கிராம் மண், உதறப் போனேன்.
இரு, என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.
பிறகு மாப்புக் கட்டையை எடுத்துக்
கொக்கியில் மாட்டினாள்.
முந்நூற்று எழுபது.
அடுத்த தடவை இது வேண்டாம்.