எட்டு கிராம்

ராத்திரி ரெண்டரைக்கு
காசிமேட்டில் ஐஸ் உடைப்பவன் நான்.
அரை பாரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி
மெஷின் வாயில் தள்ளினால்
தூளாகி விசைப்படகின் வயிற்றுக்குள் போகும்.
பதினாலு வருஷம்.
விரலில் ரேகை இருக்கிறதா என்று
ரேஷன் கடை மெஷினுக்கே சந்தேகம்.

இந்தக் கையைத்தான்
கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளைக்குள்
விடச் சொல்கிறார் ஜெபராணி சிஸ்டர்.
"முழங்கை வரைக்கும் கழுவினீங்களா?"
கழுவினேன்.
"திரும்பக் கழுவுங்க. மீன் வாசம் வருது."

ஏழாம் மாசத்தின் பாதியில்
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்த மத்தியானம்
ஆட்டோவுக்குள்ளேயே அமுலுவுக்குப் பனிக்குடம் உடைந்தது.
அந்தச் சொல்லுக்குள் பனி இருப்பது
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.
கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.
வேறென்ன செய்ய, எண்ணினேன்:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
எண்ணெய் டேங்கர், எண்ணெய் டேங்கர்.
தூக்கத்தில் இன்னும் எண்ணுகிறேனாம்.

தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
தராசு பார்த்தே வளர்ந்தவன்,
கூடையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வேன்.
இதை மட்டும் எதனோடும் ஒப்பிடக் கூடாதென்று
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
வாயிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறேன்.

காலில் கட்டிய பட்டையில்
'பேபி ஆஃப் அமுலு'.
என் பேர் எங்கும் இல்லை. இருக்கட்டும்.
பாலும் அவளுடையது, தையலும் அவளுடையது.
மாடி வார்டில் பிரஷர் இறங்காமல் படுத்தபடி
பிழிந்து பிழிந்து
ஒரு குங்குமச் சிமிழ் அளவு கொடுத்தனுப்புகிறாள்.
சட்டைக்குள் வைத்து
நாற்பத்தாறு படி இறங்குகிறேன்.
யாராவது எதிரே வந்தால்
சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறேன்.
ரெண்டு மணிக்கொரு தரம் ரெண்டு மில்லி,
நூல் மாதிரி ஒரு குழாயில்.
அத்தனை மெதுவாக எதுவும் இறங்கி
நான் பார்த்ததில்லை.

வெளியே சிமெண்ட் பெஞ்சில்
மீஞ்சூர்க்காரர் ஒருவர்
கொசுவர்த்தியில் பாதி உடைத்துத் தருவார்.
அவருடையது மூணாம் பெட்டி, என்னுடையது நாலு.
பேர் கேட்டுக்கொண்டதில்லை.
"மூணு எப்படி?"
"அப்படியேதான். நாலு?"
வியாழக்கிழமை பெஞ்சில்
கொசுவர்த்தித் தகடு மட்டும் இருந்தது.
உள்ளே மூணாம் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
ஸ்பிரிட் வாசம்.
நான் யாரிடமும் கேட்கவில்லை.
என் பச்சைக் கோடு ஏறி இறங்குவதை விட்டு
கண்ணை எடுக்கவில்லை.

"சட்டையைக் கழற்றுங்க" என்றார் சிஸ்டர் அன்று சாயங்காலம்.
"பாப்பாவை நெஞ்சு மேல வைக்கணும்.
அம்மா எழுந்து வர இன்னும் ரெண்டு நாள் ஆகும்."
"நான் ஐஸ்காரன் சிஸ்டர்."
"நெஞ்சுமா ஐஸு?"

எதிர் டீக்கடைக்கு ஓடி
ரெண்டு கிளாஸ் வாங்கி
குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.
ஆறியதும் இன்னும் ரெண்டு.

பிறகு அவள் வந்து படுத்தாள்,
குழாயோடும் ஒயரோடும்
ஒரு முழு மனுஷி.
நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன்.
"நீங்க மூச்சு விடுங்க," என்றார் சிஸ்டர்,
"அதைக் கேட்டுத்தான் அது விடும்."

காலையில் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.
படியேறிப் போய்ச் சொன்னேன்: எட்டு கிராம் ஏறியிருக்கு.
அமுலு கண் திறக்காமல் சொன்னாள்: "ஒரு பவுன்."
சேட்டுக் கடையில் இருக்கும் கம்மலை நினைத்தாளோ என்னவோ,
சிரித்தாள், தையல் வலித்து நிறுத்தினாள்.
மறுநாள் பன்னிரண்டு கிராம் இறங்கியதை
அவளிடம் நான் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து வேலைக்குப் போனேன்.
பெஞ்சுக்கும் டீக்கும் கடன் ஏறியிருந்தது.
அரை பாரைத் தூக்காமல்
கொக்கி போட்டு இழுத்துக்கொண்டே போனேன்.
வரிசை நின்றது. படகுக்காரர்கள் கத்தினார்கள்.
"இன்னாடா, புதுசா?
நெஞ்சுல தூக்குடா" என்றார் மேஸ்திரி.

"அங்க ஆள் இருக்குண்ணே" என்றேன்.