மூன்றாம் நபர்

கல்யாண நாளுக்காகச் செய்த ஸ்லைடு ஷோ.
நாற்பது படம், ஒரு வயலின், ஓரங்களில் பூ.
"உங்கள் ஆல்பங்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?"
குணாளன் போனில் நான்தான் அழுத்தினேன்,
படிக்காமல்.

விவாகரத்து ஆகி எட்டு மாதம்.
மஞ்சக்குப்பம் வாடகை வீட்டு டிவியில்
அது இன்னும் ஓடுகிறது.
நாற்பது இப்போது நாற்பத்தாறு.

லாஸ்பேட்டையில் ஒரு பால்கனி.
நீலத் திரைச்சீலை.
ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு, இரண்டு தட்டு,
இரண்டாவதன் ஓரத்தில் வளையல் போட்ட கை.
அதற்கும் வயலின். அதற்கும் பூ.

கோர்ட்டு வாசலில் எல்லாம் பிரித்தோம்,
பீரோ சாவி, கேஸ் புத்தகம், இட்லிக் குண்டான்வரை.
இதை யாரும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி அவனுக்கு எழுதினேன்:
செட்டிங்ஸ் போ. பாதுகாப்பு.
மூன்றாம் நபர் செயலிகள். அனுமதியை நீக்கு.
ஏன் என்று கேட்டான்.
திரைச்சீலை நல்ல நிறம் என்றேன்.

வெகுநேரம் டைப் செய்வதாகக் காட்டியது.
ஒன்றும் வரவில்லை.

காலையில் டிவியைப் போட்டேன்.
புதுப் படம் இல்லை. பழையது போகவும் இல்லை.
இறங்கினது இறங்கினதுதான் போல.

சில்வர் பீச்சில் நானும் அவனும், கண்ணில் வெயில்.
அடுத்து அந்தக் கை.
அடுத்து
பூ.