ஒன்பது நிமிஷம்

கியர்னியிலிருந்து உட் ரிவருக்கு இரண்டு வழி.
ஆற்றுப் பக்கம் எண்பது, இன்டர்ஸ்டேட்.
தண்டவாளத்தை ஒட்டி, சிமென்ட் குதிர்களின் நிழலில்
ஊர் ஊராக நின்று நின்று போகும் முப்பது.

எண்பதில் போனால் ஒன்பது நிமிஷம் மிச்சம்
என்கிறது போன்.
மிச்சம் பிடித்து உண்டியலில் போடுவாயா
என்பான் மருந்துக் கிடங்கு வெர்லின்.
அவனுக்கு எண்பது என்பது
வெளியூர்க்காரர்கள் நெப்ராஸ்காவைப் பார்க்காமலே
நெப்ராஸ்காவைக் கடக்கப் போட்ட குழாய்.

குவாதலூப்பே ஒத்துக்கொள்ள மாட்டாள்.
முப்பதில் மான் மோதி அவளுக்கு பம்பர் போனது,
ரேடியேட்டர் போனது,
மானும் போனது.
அக்டோபரில் அறுவடை எந்திரம் ஒன்று
மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ரோட்டை அடைத்து நகர
பின்னால் பதினேழு கார்.
எண்ணியிருக்கிறாள்.
பனி கொட்டி எண்பதை மூடும் நாளில் மட்டும்
முப்பதில் வருவாள், திட்டிக்கொண்டே.

நான் முப்பது.
கொள்கை கிள்கை ஒன்றுமில்லை.
இரவு ஷிப்ட் முடிந்து கிழக்கே ஓட்டினால்
சூரியன் நேராகக் கண்ணில் குத்தும்.
கிப்பனில் நிறுத்தினால் பெட்ரோல் பங்கில் நோரீன்
கேட்காமலே பெரிய கப்பை எடுத்து வைப்பாள்.
கயற்கண்ணி என்று சொல்ல ஆறு வருஷமாக முயன்று
கயல் வரை வந்து நிற்கிறாள்.
அதற்கே இருவரும் சிரிப்போம்.

வியாழன் இரவு லேபில்
மெழுகுக் கட்டியைச் சீவி, சாயமேற்றி,
கண்ணாடித் தகட்டை லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
சாயம் சரியா என்று மட்டும் பார்ப்பது என் வேலை.
நான் டாக்டர் இல்லை.
ஆனால் இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண்
வேண்டாம் என்றால் மூடிக்கொள்ளுமா?
பார்த்த பிறகுதான் லேபிளைப் படித்தேன்.
கிப்பன். அவள் பிறந்த வருஷம்.

டாக்டர் திங்கள் மதியம் கூப்பிடுவார்.
அதுவரை என் வாயில் பூட்டு,
சட்டம் போட்ட பூட்டு.
முகத்துக்கு யார் பூட்டுப் போடுவது?

வெள்ளிக்கிழமை எண்பதில் போனேன்.
ஒயாமிங் லாரி, ஒஹாயோ லாரி,
எவனுக்கும் என்னைத் தெரியாது.
எழுபத்தைந்து மைல் வேகத்தில்
அழுதாலும் அது தும்மல் மாதிரிதான்.
கிப்பன் என்ற பச்சைப் பலகை
அங்கேயும் வந்தது.
ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன், கடந்து போனது.
வீட்டுக்குச் சீக்கிரம் வந்து
கராஜில் என்ஜினை அணைத்துவிட்டு
மிச்சம் பிடித்த ஒன்பது நிமிஷமும்
காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

சனி, எண்பது.
ஞாயிறு, எண்பது.
திங்கள் காலையும்.
குவாதலூப்பே தோளில் தட்டினாள்,
கடைசியில் புத்தி வந்ததா என்று.

செவ்வாய்க்கிழமை முப்பது.
நோரீன் கப்பை எடுக்கவில்லை.
கல்லாவில் கை ஊன்றி என்னைப் பார்த்தாள்.
எங்கே அனுப்பினார்கள், எங்கே அறுத்தார்கள்
என்று அவளுக்குத் தெரியும்.
நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்றும்.

எண்பதில் போனாயா, நாலு நாளும்?

ஆமாம்.

ஒரு தடவைக்கு எவ்வளவு மிச்சம்?

ஒன்பது நிமிஷம்.

உதடு அசைய அசைய மனக்கணக்குப் போட்டாள்.
கதவுப் பலகையைத் திருப்பி மாட்டினாள்.
வெளியே நிலக்கரி ரயில் ஒன்று
முடிகிற எண்ணமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தாறு நிமிஷம் கடன் வைத்திருக்கிறாய் கயல்,
என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
உட்கார்.