ரயில்வே சொத்து

இந்த மண்ணில் கல் கிடையாது.
மம்பட்டி போட்டால் வெண்ணெயாய் இறங்கும்.
ஒரு நாயை விரட்டக்கூட
ரயில்வேயிடம்தான் கடன் வாங்கவேண்டும்.

தண்டவாளம் புதுப்பித்ததில் மிஞ்சிய கருங்கல் ஜல்லி
என் கேட்டுக்குப் பின்னால் கிடந்தது.
எடுத்துப்போகிறேன் என்ற மேஸ்திரி
மாற்றலாகிப் போய்விட்டார்.
கொரடாச்சேரிப் பக்கம். நிழலுக்கு ஒரு தென்னை இல்லை.
விடிந்ததிலிருந்து வெயில்.

முதலில் பிரண்டை. அது கேட்காமல் வந்தது.
பிறகு கற்றாழை, நித்தியகல்யாணி,
மன்னார்குடி ஆஸ்பத்திரி வாசலில் பிடுங்கி எறிந்த ரணகள்ளி,
புதுக்கோட்டைக்கார கார்டு ஒருவர்
மாத்திரை டப்பாவில் கொண்டுவந்த ஆவாரை விதை.

கேட் சாத்தினால் வைரக்கண்ணு
வண்டியை அணைத்துவிட்டுத் தவறாமல் கேட்பார்:
"காவேரிக் கரையில கள்ளி வளக்கிறியே குணவதி,
நெல்லுக்குக் கோவம் வராதா?"

முதல் ஐப்பசியில் பாதி செத்தது.
தாகத்தில் இல்லை. நான்தான்.
கோடையெல்லாம் தினம் ஒரு குடம்,
போதாததற்கு
வாய்க்கால் வண்டலைக் கூடை கூடையாய்ப்
பிரியமாகக் கொட்டியிருந்தேன்.
மழை வந்து அதில் நின்றது.
அழுகிய கற்றாழை வாடையில்
இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வண்டலை வழித்தெறிந்தேன்.
முழங்கால் உயரம் ஜல்லியை மேடேற்றி
பெரிய கற்களைச் சரித்துப் பதித்தேன்,
தண்ணீர் உட்கார இடம் தேடி
கிடைக்காமல் போகும்படி.
மண் ஒரு பங்கு, செங்கல்பொடி ஒரு பங்கு,
மற்றதெல்லாம் கல்.
குடத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
கை சும்மா இருக்கப் பழக
ஒரு வருஷம் ஆனது.

இந்த ஜூனில் மேட்டூர்க் கதவு திறக்கவில்லை.
என் கேட் மட்டும் நாளுக்குப் பதினெட்டுத் தடவை
திறந்து மூடியது.
வைரக்கண்ணுவின் செருப்பு வயல் வெடிப்பில் சிக்கி
வார் அறுந்தது.
ஜல்லி மேட்டில் ஊதாவும் வெள்ளையும்,
ஆவாரை மஞ்சள் வேறு.
எதிர்வீட்டில் சாவு கிடக்க
நம் வாசலில் கல்யாணப் பந்தல் நிற்பதுபோல்
எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கு அவர் கேலி பேசவில்லை.
எர்ணாகுளம் வண்டி போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.
ரணகள்ளி இலை ஒன்றைக் கிள்ளி
சட்டைப்பையில், சொசைட்டி பாஸ்புக்குக்குள் வைத்தார்.
"எங்க வைக்கிறது இத?
என் வயல்ல ஒரு கல்லு இல்லையே."

பலகையைப் பார்க்காமல் குனிந்து
இரண்டு கை ஜல்லி அள்ளிக்கொடுத்துவிட்டு
கேட்டைத் தூக்கினேன்.