ஞாயிறு, பதினொரு மணி

வின்னிபெக், சார்ஜென்ட் அவென்யூ.
மூன்று மாடி, பதினெட்டு வீடு.
சுவருக்குள் ஒரு முழத்துக்குப் பஞ்சு,
ஜன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி,
கூரை நிறையச் சூரியத் தகடு.
ஜனவரியில் அவை பனி சுமக்கும் பலகைகள்.
அதையும் எழுதித்தான் மானியம் வாங்கினேன்.

எட்டு வருடமாக
இந்தக் கட்டடம் மூச்சு விடுவதை அளக்கிறேன்.
புகைக்குச்சி கொளுத்திக் கதவிடுக்கில் பிடிப்பேன்.
புகை நிமிர்ந்து நின்றால் நல்ல சுவர்.
தலை சாய்த்தால் எங்கோ ஓட்டை.
என்ன வேலை என்று கேட்ட எல்லை அதிகாரியிடம்
ஓட்டை தேடுகிறேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பதினான்காம் வீடு மட்டும்
கணக்குக்குள் அடங்கவில்லை.
ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு
வரைபடத்தில் ஒரு பல் முளைக்கும்.
நாற்பது நிமிடம் சூடு வெளியே கொட்டும்,
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல்
கோடு படுத்துக்கொள்ளும்.

சென்சாரை மாற்றினேன்.
ஒயரை மாற்றினேன்.
மாணவன் கோரியைத் திட்டினேன்,
மன்னிப்பு மின்னஞ்சலில் போயிற்று.
"விலகல் புள்ளி, தூக்கிப் போடு"
என்றாள் இங்க்ரிட்.
தூக்கிப் போட்டால் கட்டுரை அழகாகும், உண்மைதான்.

பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
இமையில் ஒட்டிய பனியைத் துடைத்தபடி ஏறினேன்.
இரண்டாம் திருப்பத்தில்
கால் தானாக நின்றது.
கதவைத் தட்டுமுன்பே
விடை மூக்கில் ஏறிவிட்டது:
கருவாடு.

கரண்டியோடு திறந்தார் ரொமுலோ,
ஆஸ்பத்திரியில் இரவு வேலை,
வாரத்தில் இந்த ஒரு காலைதான் அவருடையது.
பின்னால் ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது.
திரைச்சீலை வெளியே பறந்துகொண்டிருந்தது.
மின்விசிறி, முதுகை எங்களுக்குக் காட்டி,
தெருவைப் பார்த்து ஊதியது.
"மன்னிக்கணும், பக்கத்து வீட்டிலிருந்தா வர்றீங்க?"

கூரையில் பத்தாயிரம் டாலர் காற்றுப் பரிமாற்றி,
போகிற சூட்டை மறித்து வருகிற குளிருக்குக் கொடுக்கும்.
கருவாட்டைப் பற்றி அதற்கு
யாரும் சொல்லவில்லை.
நான் சொல்லியிருக்கலாம்.

பூண்டுச் சோறு, காடி, மூன்று துண்டு மீன்.
நின்றபடியே சாப்பிட்டேன், கோட்டைக் கழற்றாமல்.
வாடைக்காற்று முதுகில் அறைந்தது.

ராத்திரி என் வீட்டு அளவுகளைத் திறந்தேன்
(ஆறாம் எண், அதே கட்டடம்).
சமதளம். ஒரு பல் இல்லை.
அக்கம்பக்கம் என்ன சொல்லுமோ என்று
எட்டு வருடம் எண்ணெய்ச் சட்டியில்
ஒரு நெத்திலிகூடப் போட்டதில்லை.
இதைத்தான் மாநாட்டில் திரையிட்டு
முன்மாதிரி வீடு என்றிருந்தேன்.

கட்டுரையில் அந்தப் பல்லைப் பிடுங்கவில்லை.
மதிப்பீட்டாளர் இரண்டு கேட்டிருக்கிறார்:
காரணம் என்ன, மற்ற வீடுகளில் ஏன் இல்லை?
வெள்ளிக்கிழமைவரை அவகாசம் இருக்கிறது.