முப்பத்தாறு மில்லிமீட்டர்

தூன் நகரத்துப் பழைய கேமராக் கடையில்
"உள்ளே ஒன்றுமில்லை, விரலை விட்டுப் பார்" என்றாள் ரெகுலா.
விட்டேன். மறுபுறம் நகம் எட்டிப் பார்த்தது.
அந்த ஒன்றுமில்லாததற்கு
நாற்பது பிராங்க்.

போன மாதம் வாங்கிய டெலிகன்வர்ட்டரில்
கண்ணாடி இருந்தது, ஏழு துண்டு.
நீசன் சரிவின் மலையாட்டை
கொம்பைப் பிடித்துக் கிட்டே இழுத்து வந்தது;
கூலியாகப் பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொண்டது.
ஆட்டுக்கு மத்தியானத்திலேயே பொழுது சாய்ந்தது.

இந்தக் குழல்
தூரத்தையே வாங்கிக்கொண்டது.
மாட்டித் திருப்பினால்
மலை இல்லை, ஏரி இல்லை,
எதிர்ச் சாரியில் ரெகுலாவின் கடையும் இல்லை.
எல்லாம் மோர்.

ஒரு விரற்கடை முன்னே சாய்ந்தேன்,
மூச்சை நிறுத்தி:
பஸ் நிறுத்தப் பெஞ்சில்,
துருப்பிடித்த ஆணித் தலைமேல் ஓர் எறும்பு
மீசையை வாய்க்குள் விட்டு
உருவிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.

இரண்டு பஸ் போயிருக்கும்.
கேட்டது.
தெரியவில்லை.