அறைக்கு ஒரு நிமிடம்

ரூபே நகரில் மூடிப்போன நூற்பாலை, மூன்றாம் தளம்.
சமையலறை என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அதில்
குழாய்க்குத் தண்ணீர் கிடையாது.
ஜன்னலுக்கு வெளியே மட்டும் நிஜ மழை.

நவேலுக்குப் பதினேழு வயது.
நவேலாகவே நடிக்கிறாள்.
அம்மாவாக நடிப்பவர் பாரிசிலிருந்து வந்தவர்.
அம்மாவாகவே இருப்பவர், ஸுபைதா,
கேமராவுக்குப் பின்னால் ஈரக் கோட்டோடு நிற்கிறார்.

வசனம் இவ்வளவுதான்:
"அம்மா, கதவைச் சாத்து."
ஐந்து டேக்கிலும் நவேல் சொன்னது:
"மேடம், கதவைச் சாத்துங்கள்."

இயக்குநர் ஒதீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.
பாதி ஆவணம் பாதி நாடகம் என்று
மானிய விண்ணப்பத்தில் எழுதியவர் அவர்தான்.
எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று
நவேலிடம் யாரும் சொல்லவில்லை.
அல்லது
அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஒலிப்பதிவு என் வேலை.
கோல் பிடித்துப் பிடித்துத் தோள் கடுத்துவிட்டது.
படப்பிடிப்பில் எனக்கென்று இருப்பது ஒரே நிமிடம்:
எல்லோரும் வாய்மூடி அசையாமல் நிற்க,
அறையின் வெறும் ஓசையை எடுத்துவைக்க வேண்டும்,
பிறகு வெட்டிய இடங்களில் பூசி மெழுக.

கேட்டேன். கொடுத்தார்கள்.
விளக்குக்காரன் தீபோ மூக்கைச் சொறியாமல் தவித்தான்.
நடிகையின் வயிறு ஒருமுறை கூவியது.
கைகளை உதறிக்கொண்டே இருக்கும் நவேல்
உதறிக்கொண்டே இருந்தாள்.
வீட்டுக்குள் வழிதவறிய புறாபோல
என் ஹெட்போனில் அந்தப் படபடப்பு.
தடுக்கவில்லை. அதுவும் அறைதானே.

முப்பத்தெட்டாம் நொடியில்
"கத்துது" என்றாள்.
எது?
சுவரைக் காட்டினாள்.
இரண்டாயிரம் யூரோ ஒலிவாங்கிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தாழ்வாரம், ஒரு பூட்டிய அறை, அதற்கும் அப்பால்
துடைப்பங்கள் வைக்கும் இடுக்கில்
செத்துக்கொண்டிருந்தது ஒரு டியூப் லைட்.
ஒன்பது நாளாக.
ஒன்பது நாளாக அந்த அலறலின்மேல் ஏறி நின்று
எங்கள் வசனத்தைப் பேசியிருக்கிறாள்.
நாங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்தோம்:
கவனம் சிதறுகிறது.

அணைத்தேன்.

திரும்பியபோது கைகள் இன்னும் உதறின.
சந்தோஷத்துக்கும் அவளுக்கு அப்படித்தான்.
ஆறாம் டேக்குக்கு யாரும் தயாராகுமுன்
நடிகையைத் தாண்டி, கேமராவைத் தாண்டி
ஈரக் கோட்டைப் பார்த்துச் சொன்னாள்:
"அம்மா, கதவைச் சாத்து."

ஸுபைதா சாத்தினார்.

படம் இல்லை. பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்களாம்.
சட்டகத்துக்கு வெளியே ஒரு கதவு
நிலையில் பொருந்தும் சத்தம் மட்டும் என்னிடம் இருக்கிறது.
இன்னொரு முறை, என்று கெஞ்சினார் ஒதீல்.

நவேல் கதவைப் பார்த்தாள்.
"சாத்தியாச்சே" என்றாள்.